பேண்ட் துணிப் பொம்மை

தையல்காரிக்கு இரண்டு வகை மனிதர்களைக் கண்டால் ஆகாது. சட்டையில் தையல் பிரிந்தால் ஊக்கு குத்திச் சமாளிக்கிறவர்கள் ஒரு வகை. தங்களுக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை முகத்துக்கு நேரே திட்டுவாள். இரண்டாம் வகையால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதால் அவர்களை மட்டும் மனசுக்குள் திட்டிக்கொள்வாள்.

ஜெராக்ஸ் கடைக்கும் சாவி போடுகிறவனின் பெட்டிக்கடைக்கும் நடுவில், ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கிற அளவில் ஒரு கடை. பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. தெருவில் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர். பாதி தொழிலுக்காக வைத்தது, மீதி அவள் வாய்க்காக.

அவள் புருஷனுக்கு ‘வைத்தியர்’ என்று பெயர். அது தெரு வைத்ததல்ல, தானே வைத்துக்கொண்டது. மூலிகை வியாபாரி என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணமாகி, பையைத் திறந்து பார்த்த அன்றைக்குத்தான் மூலிகையின் லட்சணம் தெரிந்தது. துருப்பிடித்த ஆணிகள், கரித்தூள், யாருடையதோ தலைமுடி, கந்தலை முறுக்கிக் கயிறு சுற்றிய ஒரு உருண்டை.

“இது என்ன?” என்று கேட்டாள்.

“பொம்மை. சூனியப் பொம்மை. வீட்டுக்குள்ள புதைச்சிருந்துச்சுன்னு எடுத்துக் காட்டணும்ல.”

“யாரு புதைச்சது?”

“நான்தான்.”

சொல்லும்போது அவனுக்குக் கூச்சம் எதுவும் இல்லை. முறை ரொம்பச் சுலபம். முதல் தடவை போகும்போது வீடு முழுக்க மோப்பம் பிடிப்பான், மூலை மூலையாகக் குனிவான், கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போவான். அதற்குள் பொம்மை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாம் தடவை போய் மந்திரம் முணுமுணுத்து, வேர்த்து விறுவிறுத்து, அதைத் தோண்டி எடுப்பான். வீட்டார் பேயறைந்த மாதிரி நிற்பார்கள். வைத்தது யார் என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டான். “கூடவே இருக்கிற ஆள்தான். ஒரு பொம்பளை. உங்களுக்கே தெரியும்” என்பான். அதற்கு மேல் அவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. யார்மேல் கடுப்போ அவள் பெயரை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். தொழிலில் இந்த இடம்தான் நுட்பம் என்று பெருமை பீற்றிக்கொள்வான்.

இதைக் கேட்டு அவள் அவனை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவளைப் பதற வைத்தது வேறொன்று. அந்தக் கந்தல் உருண்டைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. தரையைத் துடைத்துப் பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தது.

“இதுக்குப் பேரு பொம்மையா? இதைப் பாத்துப் பயப்படுறவனுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?” என்றாள். அன்று மத்தியானமே ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். வாடிக்கைக்காரர்களின் பேண்ட்டில் வெட்டி எடுத்த துண்டுத் துணிதான் உடம்பு. உள்ளே பஞ்சுக் கழிவு. கண்ணுக்குப் பொத்தான் வைத்தால் குழந்தை விளையாட்டுச் சாமானாகிவிடும் என்று கறுப்பு நூலால் பெருக்கல் குறி போட்டாள். வாயை இழுத்துத் தைத்து மூடினாள். முனை மழுங்கிய மெஷின் ஊசிகளை நெஞ்சில் குத்தினாள். பிறகு டீத்தூள் கசண்டில் ஊறப்போட்டு, மொட்டை மாடியில் துணிகளுக்கு நடுவே காயவைத்து, துருவைத் தேய்த்தால் பத்துத் தலைமுறைப் பகையைச் சுமந்துகொண்டிருப்பதுபோல் ஆகிவிடும். உள்ளே தையல் முடிகிற இடத்தில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி உள்ளிழுத்து முடிச்சுப் போடுவாள். பிரித்தாலும் பிரியாது. புதைத்து வைக்கிற சாமானுக்கு இவ்வளவு நேர்த்தி எதற்கு என்று வைத்தியர் கேட்டான். உனக்கு அது புரியாது என்று சொல்லிவிட்டாள்.

பொம்மை நன்றாக இருந்ததால் வைத்தியரின் பெயர் பரவியது. அந்தத் தொழிலில் இருந்த மற்ற எத்தர்களும் அவனிடம் வந்து பொம்மை கேட்டார்கள். அவன் மொத்த வியாபாரியானான். வருகிறவர்களில் சுருட்டை என்று ஒருவன் இருந்தான். சுருட்டை முடி, நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம், சாவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி குரல். “அக்கா, போன தடவை குடுத்தது ரொம்ப எடுப்பா இருந்துச்சுக்கா, அந்த வீட்டம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க” என்பான். அவனைக் கண்டால் அவளுக்குக் குமட்டும். ஆனாலும் பொம்மைகளை எண்ணிக் கொடுப்பாள்.

வீட்டில் சாப்பிடும்போது வைத்தியர் சரித்திரம் பேசுவான். ராஜாக்கள் காலத்திலிருந்து இருக்கிற வித்தை இது என்பான். எதிரி ராஜாவைப் போல மெழுகில் உருவம் செய்து நெருப்பில் காட்டுவார்களாம். கடல் தாண்டிய நாடுகளில் ஆணியும் முடியும் போட்ட பாட்டிலை வாசலுக்கு அடியில் புதைப்பார்களாம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாள்.

“அவ்வளவு சக்தி இருந்தா அந்த ராஜா எதுக்குப் படையும் யானையும் வெச்சிருந்தான்? ரெண்டு மெழுகுவத்தி போதாதா?”

“உன்கிட்ட பேச முடியாது.”

“பேசாதீங்க. சாப்பிடுங்க.”

சரித்திரம் அவளுக்கும் கொஞ்சம் தெரியும். இஸ்திரி போடும்போது ரேடியோ கேட்பாள். ஒரு நாள் ஒரு பேராசிரியர் பேசினார். குளிர் நாடுகளில் ஒரு காலத்தில் சூனியக்காரி என்று சந்தேகப்பட்ட பெண்ணைக் கட்டிக் குளத்தில் போடுவார்களாம். மிதந்தால் சூனியக்காரி, தூக்கில் போடு. மூழ்கினால் பாவம், நல்லவள். இதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டைக் காலர் கருகிப்போனது. இந்தப் பரீட்சையைக் கண்டுபிடித்தவன் கண்டிப்பாகத் தன் வீட்டுக்காரனுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தக்காரன்தான் என்று சாவி போடுகிறவனிடம் சொன்னாள். அந்தப் பேராசிரியர் சொன்ன கதைகளில் மாட்டிக்கொண்டவர்கள் யார் என்றும் கவனித்தாள். புருஷன் இல்லாதவள், வாய் நீண்டவள், பிரசவம் பார்க்கப் போன இடத்தில் குழந்தை இறந்துபோனவள். ஒரு மந்திரி பெண்டாட்டி கிடையாது, ஒரு வியாபாரியின் தங்கை கிடையாது. ஊருக்கே மழையை நிறுத்துகிற சக்தி உள்ளவள் ஏன் ஒழுகுகிற கூரைக்குக் கீழே குடியிருந்தாள் என்று ஒருத்தனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்பாரில்லாதவளாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள்.

இவ்வளவு தெளிவாக யோசிக்கத் தெரிந்தவள் தன் மடியில் இருந்த பொம்மையைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு தடவை கடைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி, தன் அண்ணியை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று சொன்னாள். பீரோவுக்குப் பின்னால் பொம்மை கிடைத்ததாம், அண்ணிதான் வைத்தாளாம். தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நம்புறவங்க இருக்கிற வரைக்கும் இப்படித்தான்மா” என்று சொல்லிவிட்டுப் பேண்ட்டை மடித்துக் கொடுத்தாள். முட்டாள்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டால் அதற்குத் துணி என்ன செய்யும் என்பது அவள் கட்சி.

அவளுக்கு ஒரே மகள். பொம்மை விஷயம் மகளுக்குத் தெரியாமல்தான் வளர்த்தாள். சின்ன வயதில் ஒரு தடவை இஸ்திரி மேசைக்கு அடியில் ஊசி குத்திய பொம்மை ஒன்றைப் பார்த்துவிட்டு அது என்னவென்று கேட்டாள். “ஊசி குத்தி வைக்கிற மெத்தைடி” என்று சமாளித்தாள். மகள் படித்தாள், ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தாள், போன் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவனைக் கட்டிக்கொண்டு அதே ஊரில் அடுத்த பேட்டையில் குடித்தனம் போனாள். சம்பந்தி வீட்டில் மாமியார், மாப்பிள்ளை, இவள். ஒரு குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தையல்காரி மஞ்சள் துணியில் ஒரு குல்லா தைத்துக் கொடுத்தாள். பேத்தியை அவளுக்கு அப்படிப் பிடிக்கும். உலகத்தில் இவள் திட்டாத ஒரே ஜீவன் அதுதான்.

மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம். கடையில் ரெடிமேடாக ஒரு பேண்ட் வாங்கியிருந்தான். பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம், அதில் மெல்லிய சிவப்புக் கோடு. அதை நீளம் குறைக்க மகள் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்டியதில் இன்னொரு ஆளுக்கு அரைக்கால் சட்டை தைக்கலாம் போல் மிச்சம் விழுந்தது. நல்ல கெட்டித் துணி. வீணாக்க மனசில்லாமல் மிச்சத்தை வீட்டில் பொம்மைத் துணி சேர்க்கிற பெட்டியில் போட்டாள். யார் துணி என்று பார்த்துப் போடுகிற வழக்கம் அந்தப் பெட்டிக்குக் கிடையாது.

ஒரு நாள் காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமிலிருந்து பேசுகிறாள் என்று தண்ணீர்ச் சத்தத்தில் தெரிந்தது.

“அம்மா, என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்றாங்க. குழந்தையைத் தர மாட்டாங்களாம்.”

“என்னடி ஆச்சு? மெதுவா சொல்லு.”

“அவருக்குத் தலைவலி விடவே மாட்டேங்குதுல்ல, கடையும் சரியா ஓடல. அத்தை யாரோ ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க. செருப்பு அலமாரிக்கு அடியில ஒரு பொம்மை எடுத்தாம்மா. நெஞ்சு பூரா ஊசி. அவர் பேண்ட் துணிம்மா. நான் உன்கிட்ட குறைக்கக் குடுத்தேனே, அந்தத் துணி. நான்தான் வெட்டி எடுத்து வெச்சேன்னு சொல்றாங்க.”

“அந்த ஆளுக்குச் சுருட்டை முடியா?”

“ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?”

தையல்காரி ஷட்டரைப் பாதியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வைத்தியர் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்குச் சாயம் தடவிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் பிரஷ் கீழே விழுந்தது. மகளுக்காகத்தான் விழுந்தது என்று ஒரு நொடி நினைத்தாள்.

“சுருட்டை நம்ம பேரைச் சொல்லிட்டானா?” என்றான்.

“உங்க பேரு கெட்டா என்ன? வாங்க, ரெண்டு பேரும் போய் உண்மையைச் சொல்லுவோம். இது நாங்க தைச்சு விக்கிற சாமான், உங்க வீட்டுல வெச்சது இந்த ஆளுதான்னு சொல்லுவோம்.”

“உனக்கென்ன பைத்தியமா? இத்தனை வருஷத் தொழில். நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? சுருட்டைகிட்ட நான் பேசுறேன். சூனியத்தை எடுத்தாச்சு, இனிமே ஒண்ணுமில்லைன்னு சொல்லச் சொல்றேன். கொஞ்ச நாள் நம்ம பொண்ணு இங்க வந்து இருக்கட்டும்.”

“குழந்தை?”

“குழந்தைக்கு அங்க என்ன குறை?”

அவனுக்குப் பதில் சொல்வதே தண்டம் என்று அவளுக்குத் தோன்றியது. ஊரார் மருமகள்களையெல்லாம் ‘ஒரு பொம்பளை’ என்று கை காட்டிவிட்டு வந்தவன், தன் மகள் அந்த ஒரு பொம்பளையாக ஆனபோதும் மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பையில் கத்தரியையும் நூல்கண்டையும் போட்டுக்கொண்டாள். பொம்மைத் துணிப் பெட்டியில் அந்தக் கோடு போட்ட துணி இன்னும் ஒரு துண்டு இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சம்பந்தி வீடு மூன்றாவது மாடி. படியேறும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டாள். உண்மை அவள் கையில் இருந்தது. உண்மையைச் சொல்லுகிறவள் தோற்க முடியாது என்று அவள் நம்பினாள். அடுத்தவர் நம்பிக்கையை எல்லாம் நக்கலடித்த பெண்பிள்ளைக்கு இப்படி ஒரு நம்பிக்கை இருந்தது.

சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாள் விரித்து அதில் பொம்மையை வைத்திருந்தார்கள். சம்பந்தியம்மா குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். குழந்தை தலையில் மஞ்சள் குல்லா. மாப்பிள்ளை நெற்றியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இருந்தான். மகள் சமையலறை வாசலில் ஒரு பையோடு நின்றாள், முகம் வீங்கியிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து சுருட்டை டீ குடித்துக்கொண்டிருந்தான். தையல்காரியைப் பார்த்ததும் அவனுக்குப் புரையேறியது.

“சம்பந்தியம்மா, இந்தப் பொம்மை நான் தைச்சது” என்றாள் தையல்காரி.

யாரும் அசையவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துண்டுத் துணி, டீத்தூள் கசண்டு, மொட்டை மாடி, மொத்த வியாபாரம், புருஷன். இந்தச் சுருட்டை கடைக்கு வந்து வாங்கிப் போனதையும் சொன்னாள்.

“பேண்ட் குறைச்சதுல மிச்சம் விழுந்த துணி. நான்தான் பாக்காம எடுத்துப் போட்டுட்டேன். உங்க வீட்டுக்குன்னு செஞ்சது இல்ல. யாரு வீட்டுக்குப் போகும்னு எனக்கே தெரியாது. என் பொண்ணுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. இந்த ஊசியைப் பாருங்க, காது முனையில இருக்கு. மெஷின் ஊசி. எந்தச் சூனியக்காரி தையல் மெஷின் வெச்சிருக்கா?”

மாப்பிள்ளை சுருட்டையைப் பார்த்தான். சுருட்டை டீ டம்ளரை நிதானமாகக் கீழே வைத்தான்.

“இந்த அம்மாவை நான் பாத்ததே இல்லைங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? நான் ‘ஒரு பொம்பளை’ன்னுதான் சொன்னேன். பேரு சொல்லல. வந்து நிக்குறாங்க பாருங்க.”

“டேய், போன மாசம் என் கடையில உக்காந்து டீ குடிச்சவன்தானேடா நீ?”

“என் வாயைக் கட்டிட்டா உண்மை வெளிய வராதுன்னு என்னையே மிரட்டுறாங்க, பாத்தீங்களா?”

தையல்காரிக்கு ரத்தம் கொதித்தது. பேசிப் பயனில்லை, கண்ணால் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும் என்று பையைத் திறந்தாள். அந்தக் கோடு போட்ட துணியை எடுத்து, மேசை ஓரத்திலேயே வைத்து வெட்டினாள். தலை, கை, கால். பஞ்சுக்குப் பதில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தாள். பின்தையல் போட்டாள், கண்ணுக்குப் பெருக்கல் குறி, வாய்க்கு ஒரு இழுப்பு. மேசைமேல் கிடந்ததற்குப் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் கூடப் பிறந்தவை மாதிரி இருந்தன.

“பாருங்க. இந்த முடிச்சைத் திருப்பிப் பாருங்க. மூணு சுத்து. ரெண்டுலயும் ஒரே முடிச்சு. என் கை முடிச்சு. வேற யாரும் இப்படிப் போட மாட்டாங்க. இப்பவாவது புரியுதா, இது வெறும் தையல் வேலைன்னு?”

சம்பந்தியம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

“பாத்தியாடா? துணிகூட மிச்சம் வெச்சிருக்கா. கண்ணை மூடிக்கிட்டே செய்றா. அம்மாகிட்ட கத்துக்கிட்டுத்தான் பொண்ணு வந்திருக்கா.”

மாப்பிள்ளை தலையை ஆட்டினான். ஒரு போன் ஏன் வேலை செய்யவில்லை என்று பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்க்கிறவன் அவன். அவன் கடைக்கு நேர் எதிரே பெரிய கடை ஒன்று திறந்து, போனோடு ஹெட்போனை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவன் வியாபாரம் படுத்ததற்குக் காரணம் தெரிய ஜன்னலைத் திறந்தால் போதும். அவன் செருப்பு அலமாரியைத்தான் நகர்த்திப் பார்த்தான்.

“அத்தை, உங்ககிட்ட இப்படி எதிர்பாக்கல” என்றான்.

“குழந்தை இங்கதான் இருக்கும்” என்றாள் சம்பந்தியம்மா. “உங்க ரத்தத்தோட ஒட்டே வேண்டாம்.”

ரேடியோவில் கேட்ட குளம் தையல்காரிக்கு நினைவுக்கு வந்தது. தைக்காமல் இருந்திருந்தால் பொய்க்காரி. தைத்தாள், சூனியக்காரி. மிதந்தாலும் மூழ்கினாலும் கட்டியிருந்த கயிறு அவிழப் போவதில்லை. அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்துக் காலரைக் கருக்கியவள் இப்போது குளத்துக்குள் நின்றாள். எதிரே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இந்த மூஞ்சிகளுக்காகவா உண்மையைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம் ஆத்திரமும் போய், சாக்கடையைத் தாண்டும்போது வருகிற அருவருப்பு மட்டும் மிஞ்சியது.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“சரி. கண்டுபிடிச்சிட்டீங்க” என்றாள். “ஆமா, நான்தான்.”

சோபாவின் முதுகில் ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“அடியில வெள்ளை, நுனியில கறுப்பு. இது உங்களோடதுதானே சம்பந்தியம்மா?”

தையல்காரி முடியைப் புதுப் பொம்மையின் கழுத்தில் மெதுவாகச் சுற்றினாள்.

“எனக்கு ஒரு முடி போதும். ஒருத்தரோட ஒரே ஒரு முடி. குழந்தையைக் குடுத்தா இதை இப்பவே அவிழ்த்துடுறேன். குடுக்கலேன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் முடிச்சுப் போடுவேன். மூணு சுத்து. பிரிச்சாலும் பிரியாது, பாத்தீங்கல்ல?”

சம்பந்தியம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சுடுபாத்திரத்தை இறக்குகிற மாதிரி குழந்தையைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்தாள். மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

“கூட்டிட்டுப் போங்க அத்தை. ஆனா எங்களை எதுவும் செஞ்சுடாதீங்க.”

போகாதே என்று பெண்டாட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வான் என்று மகள் அந்த நிமிஷம் வரைக்கும் நின்றாள். அவன் பொம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்காலி ஒன்று தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. தையல்காரி திரும்பினாள். சுருட்டை நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றிருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. உட்கார்ந்திருந்த இடத்தில் தன் முடி ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பொம்மையைக் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, தன் கையாலேயே அலமாரிக்கு அடியில் தள்ளினவன் அவன்.

“நீயுமாடா?” என்றாள்.

அவன் வாசலைப் பார்த்து ஓடினான். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

சொன்ன வாக்குப்படி முடியை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுத்தான் வந்தாள். படியிறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உண்மையைச் சொன்னபோது ஒருத்தர்கூட இடத்தைவிட்டு அசையவில்லை, ஒரு புளுகு சொன்னாள், குழந்தை கைக்கு வந்துவிட்டது. அந்த நாலு நிமிஷம் அவளுக்கு ருசித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயுசு முழுக்கக் கேட்பாரில்லாத ஒரு கடையில் குனிந்து உட்கார்ந்து தைத்தவளைப் பார்த்து முதல் தடவையாக மூன்று பேர் நடுங்கினார்கள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. குழந்தை மகள் மடியில், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

“அந்தச் சுருட்டை மூஞ்சியைப் பாத்தியாடி? அவனே வெச்ச பொம்மை! அவனே நடுங்குறான்! அந்த வீட்டுல இருக்கிற மொத்த மூளையையும் ஒரு டீ டம்ளர்ல ஊத்தினாக்கூட ரொம்பாது.”

மகள் சிரிக்கவில்லை. அழுகை இன்னும் ஓயவில்லை என்று தையல்காரி நினைத்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். முதுகு விறைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து மகள் கேட்டாள். “அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?”

“கேளு.”

“சின்ன வயசுல இஸ்திரி மேசைக்கு அடியில பாத்தேன்ல. ஊசி மெத்தைன்னு சொன்னியே.”

“அதேதான்டி. அதான் அங்கேயே சொன்னேனே. வித்துக்கிட்டு இருந்தோம். சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதனால அப்படிச் சொன்னேன்.”

மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“அவருக்குத் தலைவலி எப்ப ஆரம்பிச்சுது தெரியுமா? பேண்ட்டை உன்கிட்ட குறைக்கக் குடுத்தேன்ல, அந்த மாசந்தான்.”

தையல்காரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, ஊரில் எவனுக்கும் எதற்கும் பதில் வைத்திருந்தவளுக்கு ஒரு வரிதான் வந்தது.

“அது வெறும் பேண்ட் துணிடி.”

“தெரியும்மா” என்றாள் மகள்.

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கி ஜன்னல் பக்கம், தன் மறு தோளில் சாய்த்துக்கொண்டாள். குழந்தையின் தலையிலிருந்து மஞ்சள் குல்லாவைக் கழற்றினாள். வெயில் அடிக்கிறது, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த தையல்காரி நிறுத்திக்கொண்டாள். மகள் குல்லாவை உட்புறம் திருப்பினாள். தையல் முடிகிற இடத்தை விரலால் தேடி, கண்டுபிடித்து, விரலை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே ஒட்டியிருந்த பூனைமுடி போன்ற குழந்தைத் தலைமுடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, தன் கைக்குட்டையில் முடிந்து, பையின் அடியில் வைத்தாள்.

தையல்காரிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட ஆள் தேடினால் சுற்றிச் சுற்றித் தன்னிடமே வந்து நின்றது. அந்த நர்ஸின் அண்ணி எங்கே போனாளோ, அவளுக்கும் குழந்தை இருந்ததோ என்னவோ. அன்றைக்குக் கேட்கவே இல்லை.

இறங்க வேண்டிய இடம் வந்தது. மகள் குழந்தையையும் பையையும் எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் கூப்பிட்டார். “ஏம்மா, குழந்தையோட குல்லாவை விட்டுட்டுப் போறீங்களே!”

மகள் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். தையல்காரிதான் திரும்பிப் போய் இருக்கையில் கிடந்ததை எடுத்தாள். உட்புறம் வெளியே தெரிய, அப்படியே கிடந்தது. அதே மூன்று சுற்று முடிச்சு. அவளுக்கு வேறு முடிச்சுப் போடத் தெரியாது.